பாதபீடத்தின் அழகு

உருவப் பொம்மைகளின் முகத்தையும் வாளையும் வியந்து போற்றுவோர் பலர்; அவற்றின் காலடி மண்ணை நின்று நோக்குவோர் சிலரே. இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு வார்ஹாமர் என்னும் மேசைப் போர் விளையாட்டு வெளிவந்த காலந்தொட்டு, ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் அளவில் வடிக்கப்பட்ட வீரர்களையும் மந்திரவாதிகளையும் சேகரித்து வர்ணம் தீட்டி வருகின்ற ரசிகர் கூட்டத்தில், என் அபிமானம் முழுவதும் 25 மில்லிமீட்டர் பீடத்தில் ஒரு பூமியைச் சிருஷ்டிக்கும் கைகளுக்கே உரியது.

பீடத்தில் வெண்பசையை மெல்லிதாகத் தடவி, மணலில் அமிழ்த்தி, நன்கு உலர்ந்தபின் கரும்பழுப்பு பூசி, அதன்பின் வெளிர்நிறத்தில் தோய்த்த தூரிகையைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, அதில் வர்ணம் இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகிக்கத்தக்க நிலையில் மணல்மீது லேசாக வருடும்போது, மேடுகள் மட்டும் ஒளியேற்க, பள்ளங்கள் இருளிலேயே தங்கிவிட, ஒரு சிட்டிகை மணல் பாழ்நிலமாகவே மாறிவிடுகிறது! தக்கைமரப் பட்டைத் துண்டு பாறையாகிறது. நைலான் இழைகள் நிலைமின்சாரத்தின் ஈர்ப்பால் நிமிர்ந்து நின்று புல்லாகின்றன.

ஆயினும் மிதம் வேண்டும். மண்டையோடும் காளானும் மலிந்த பீடம் வீரனின் முகத்திலிருந்து கண்ணைப் பறித்துவிடும். 1990களில் வழக்கிலிருந்த, பீடத்தின் பளிச்சென்ற பச்சை விளிம்பைப் பலர் இன்று ஒதுக்கினாலும், அதில் ஒரு குதூகலம் உண்டென்றே கருதுகிறேன். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு சிற்பிகள் வடித்த உலோக உருவங்களையும் பிளாஸ்டிக் உருவங்களையும் ஒரே சேனையாகப் பிணைப்பது அவை யாவும் மிதித்து நிற்கும் ஒரே நிற மண்தான். ஆகவே தேர்ந்த சேகரிப்பாளர், முதல் வீரனுக்கு இட்ட மணலையும் வர்ணத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் வருவோர்க்கும் அதனையே இடுகிறார்.