கரன்ட் போனால் சோலாரும் போகுமா?

புதுச்சேரியில் மொட்டைமாடியில் சோலார் வைத்தவரிடம் அக்கம்பக்கத்தார் முதலில் கேட்பது, "பில் எவ்வளவு குறைஞ்சுது?" அடுத்த கேள்வி மழைக்காலத்தில் வரும். "என்ன சார், சோலார் வச்சிருக்கீங்க, உங்க வீட்லயும் இருட்டா இருக்கே?" இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளாமலே பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி இல்லாத சாதாரண சோலார், தெருவில் கரன்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் நிற்கும். அது பழுதல்ல. மின்துறை ஊழியர் லைனை அணைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் மாடியிலிருந்து அந்தக் கம்பிக்குள் மின்சாரம் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால் லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த கணமே இன்வெர்ட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். கரன்ட் போனபோதும் வீட்டில் விளக்கு எரிய வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்த இன்வெர்ட்டர் வீட்டைத் தெரு லைனிலிருந்து துண்டித்துக்கொண்டு, உள்ளே மட்டும் மின்சாரம் கொடுக்கும்.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது 540 வாட் பேனல் ஆறு, ஆகமொத்தம் 3.24 கிலோவாட். கூடவே ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மத்திய அரசின் மானியம். பேனலின் செல்கள் இந்தியாவில் செய்தவையாக இருந்தால்தான் அது கிடைக்கும். பேட்டரிக்கு மானியம் இல்லை. அது முழுக்க நம் கைக்காசு.

பேனலைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. நம் பக்கத்தில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது நம்பத்தகுந்த கணக்கு. புதிதாக வைத்தவர்கள் ஒன்றைக் கண்டு பதறுவார்கள்: சித்திரை வெயிலில்கூட இன்வெர்ட்டரின் ஆப் 3.24 கிலோவாட் காட்டாது. பேனலில் எழுதியிருக்கும் வாட், செல்லின் வெப்பம் 25 டிகிரியாக இருக்கும்போது அளந்தது. நம் மாடியில் அது 65 டிகிரி வரை போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போல விளைச்சல் குறையும் என்பதால் 14 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. வானம் தெளிந்த தை, மாசி நாட்களில் உச்ச அளவு நன்றாக இருப்பது இதனால்தான். பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் தூக்கி நிறுத்தினால் கடல்காற்று அடியில் புகுந்து சூட்டைக் குறைக்கும். ஆனால் அதே காற்று புயலில் பேனலைப் பெயர்க்கவும் பார்க்கும். தாங்கு சட்டத்துக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். உப்புக்காற்று ஊரில் சாதாரண இரும்புக்குப் பெயின்ட் அடித்து நிறுத்துவது வீண். சூட்டுத் துத்தநாகப் பூச்சு அல்லது அலுமினியம், போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகு. பழைய தெருக்களில் மெட்ராஸ் தளம் போட்ட வீடு என்றால் தளத்தில் துளை போட விடவே விடாதீர்கள். பாரம் சுவர் மேல் இறங்க வேண்டும்.

இனி பேட்டரி. பகலில் நிரப்பி இரவில் செலவழித்தால் பில் இன்னும் குறையும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். நெட் மீட்டர் உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. பகலில் நாம் வெளியே அனுப்பும் யூனிட், இரவில் வாங்கும் யூனிட்டில் கழிகிறது. பேட்டரியில் போட்டு எடுத்தால் பத்துக்கு ஒரு யூனிட்டாவது வழியில் வீணாகும், பேட்டரியின் ஆயுளும் கரையும். பில் கணக்கில் பார்த்தால் பேட்டரி தண்டச்செலவு. அதை வாங்கத் தக்க காரணம் ஒன்றுதான்: கரன்ட் இல்லாத இரவு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது இந்த ஊரும் கடலூரும் எத்தனை இரவுகள் இருட்டில் கிடந்தன என்பதை அனுபவித்தவர்களுக்கு இந்தக் காரணம் சிறியதல்ல.

ஆகவே அதைப் புயலுக்கான பொருளாகவே நடத்த வேண்டும். ஆப்பில் 'ரிசர்வ்' என்றொரு அமைப்பு இருக்கும். கோடையில் அதை 30 சதவீதத்தில் விட்டாலும், ஐப்பசி பிறந்ததும் 90க்கு ஏற்றி மார்கழி முடியும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். கருமேகம் மூடிய நாளில் பேனல் தருவது வழக்கத்தில் சிறு பங்குதான். அன்றைக்கு நிரப்பிக்கொள்ளலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான்.

பேட்டரியை மாட்டும் உயரமும் முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் கூடுதலாக மழை கொட்டியது. ரெயின்போ நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் கீழ்த்தளத்துத் தரையில் வைத்த பேட்டரி அந்த நீருக்குத் தப்பாது. மாடித் தகரக் கொட்டகையும் கூடாது, சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். மாடிப்படிக் கூண்டின் உட்சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மாட்டுவது நல்லது.

எத்தனை நேரம் தாங்கும் என்பது வயரிங்கைப் பொறுத்தது. 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி நான்கு, சில எல்இடி விளக்குகள், ஃப்ரிட்ஜ், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரியாக 250 வாட்டுக்குள் அடங்கும். பேட்டரியில் எடுக்கக்கூடிய நாலரை யூனிட்டுக்கு இது 18 மணி நேரம் ஓடும். அதே லைனில் ஒன்றரை டன் ஏசியைச் சேர்த்தால் மூன்று, நான்கு மணி நேரத்தில் காலி. ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் அதைவிட மோசம். ஓடத் தொடங்கும்போது அது பல மடங்கு மின்சாரம் இழுப்பதால் இன்வெர்ட்டரே டிரிப் ஆகிவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிட்டால் மோட்டாருக்குப் பேட்டரியே தேவைப்படாது.

கழுவும் வேலை எளிது. விடியற்காலையில், பேனல் சூடேறுவதற்கு முன், மென்மையான துணியும் நல்ல தண்ணீரும் போதும். கடலோரப் போர்வெல் நீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். பக்கத்துத் தென்னையின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் மொத்த வரிசையின் விளைச்சலும் குறையலாம் என்பதையும் வைப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பு குறைவு என்றால் பேனலையும் ஹைபிரிட் இன்வெர்ட்டரையும் இப்போது வாங்குங்கள். பேட்டரி பிறகு வரட்டும். சாதாரண இன்வெர்ட்டரை வாங்கிவிட்டுப் பின்னால் மாற்றுவதுதான் வீண்செலவு. எந்த நிறுவனமானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன், கரன்ட் போகும்போது எந்தெந்த அறையின் விளக்கும் பிளக்கும் வேலை செய்யும் என்ற பட்டியலை எழுத்தில் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்த அன்றே அவர்கள் முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, பட்டியலில் உள்ளவை வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.