ஆடிக்காற்றும் காவிரியும் ஒரே பக்கம்

ஆடி மாதம் ஒரு நாள் சைக்கிளோடு முக்கொம்புக்குப் போங்கள். கிழக்கே பார்த்து ஏறி உட்காருங்கள். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும்!

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மியையும் பறக்கவைக்கும் என்கிறோமே, அந்த ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருகிறது. காவிரியும் மேற்கிலிருந்து வருகிறது. மேட்டூரில் ஜூன் 12-ல் வழக்கம்போலத் தண்ணீர் திறந்துவிட்டால் ஆடியில் ஆறு இரு கரையும் தொட்டுப் போகும். காற்றும் தண்ணீரும் சாலையும் சேர்ந்து ஒரே திசையில் போகிற மாதம் அது. அந்தக் கூட்டத்தில் நான்காவதாக நாமும் சேர்ந்துகொள்ளலாம் என்பது எனக்குப் புரிய நாற்பது வயதாகிவிட்டது. போன ஆடியில், பதினெட்டாம் பெருக்குக்கு நான்கு நாள் முன்னால், முக்கொம்பிலிருந்து தனியாகக் கிளம்பினேன். அப்படி ஒரு நாள் என் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை.

கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பை. ஒன்றில் கூடாரம், போர்வை, ஒரு செட் உடுப்பு. இன்னொன்றில் தண்ணீர், பம்பு, பஞ்சர் சாமான், டார்ச். எல்லாம் சேர்த்துப் பதினோரு கிலோ. முதுகில் எதையும் மாட்டாதீர்கள், பாரம் முழுவதையும் சைக்கிளே சுமக்கட்டும். முதுகு காற்றுக்கு வேண்டும்.

விடிவதற்கு முன் முக்கொம்பு. அகண்ட காவிரி இங்கேதான் இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் சில 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்துபோனது நினைவிருக்கும். இப்போது புதிய கதவணை நிற்கிறது. ஷட்டருக்கு அடியிலிருந்து நுரைத்துக்கொண்டு வருகிற தண்ணீரின் இரைச்சல் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே மிதித்தேன். ஜீயபுரம், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை என்று ஊர்கள் ஓடின. எதிரே சூரியன் கண்ணைக் கூசியது, தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டேன். கால் மிதிக்கிறதா, காற்று தள்ளுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறி, ஒரு கண்ணில் மலைக்கோட்டையும் ஒரு கண்ணில் ஸ்ரீரங்கத்துக் கோபுரமுமாக நின்றபோது மணி ஏழுகூட ஆகவில்லை.

திருவானைக்காவலிலிருந்து கல்லணை போகிற சாலையைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் குறைவுதான். திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி. ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்! ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் தோட்டங்களுக்கு அப்பால் கொள்ளிடம், நடுவில் வாழை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வாழை. ஆடிக்காற்றில் குலை தள்ளிய மரம் சாயும் என்று ஒவ்வொன்றுக்கும் கழி முட்டுக் கொடுத்து, கழுத்தில் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். காற்று ஒருமுறை எழுந்தால் இத்தனை இலையும் ஒரே நேரத்தில் படபடக்கும். பெரிய மழை ஒன்று வந்துவிட்டதோ என்று நான் இரண்டு தடவை வானத்தைப் பார்த்தேன். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு இதே சாலையில் பலமுறை போயிருக்கிறேன். இந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை.

உத்தமர்சீலி தாண்டியதும் பின் சக்கரம் தளர்ந்தது. சீமைக்கருவேல முள். வழியோரம் ஒரு வாய்க்கால் மதகு, அதன்மேல் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். பைகளைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தை எடுத்தேன். டியூபை உருவிக் காற்றடித்து வாய்க்கால் தண்ணீரில் முக்கினேன். ஓட்டத்தில் குமிழி அடித்துக்கொண்டு போனதால் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. "இந்தப் பக்கம் வாங்க தம்பி, மதகு மறைவுல தண்ணி நிக்கும்" என்றார் பெரியவர். அங்கே முக்கியதும் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து சரம் சரமாகக் குமிழி. கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினேன். தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் ஒட்டு நிற்காது. அந்த நேரத்தில் டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் முள் இன்னும் அங்கேயே நின்றது. அதை எடுக்காமல் டியூபை மாட்டியிருந்தால் அடுத்த மைலில் மறுபடி பஞ்சர். இருபது நிமிஷம் ஆனது. காவிரித் தண்ணீரில் பஞ்சர் பார்த்து ஒட்டிய சைக்கிள் என்னுடையது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவேன்.

பிறகு கல்லணை. கரிகாலன் பெயர் சொல்லும் அணை, 329 மீட்டர் நீளம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று முறை நடந்தேன். கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று நான்காகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வானது. தடுக்க ஆள் இல்லாவிட்டால் இருக்கிற தண்ணீரெல்லாம் அந்தப் பள்ளத்தில் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடும். டெல்டாவின் வயல் அத்தனையும் இந்த ஒரு தடுப்பை நம்பித்தான் இருக்கிறது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த அணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் கீழே ஓடும் தண்ணீரின் அதிர்வு தெரிகிறது. கையை எடுக்க மனமே வரவில்லை. அங்கேயே வறுத்த மீன் வாங்கி, வெங்காயமும் எலுமிச்சையுமாகச் சுடச்சுடச் சாப்பிட்டேன்.

மதியத்தைக் கோவிலடியில் கழித்தேன். அப்பக்குடத்தான் சந்நிதி நடை சாத்தியிருந்தது. வாசலோர நிழலில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினேன், அவ்வளவுதான்.

தனியாகப் போங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் திருக்காட்டுப்பள்ளி டீக்கடை. இரண்டு பேராகப் போனால் நாம் நமக்குள் பேசிக்கொண்டிருப்போம், ஊர் ஒதுங்கிக்கொள்ளும். ஒற்றை ஆளாகப் பையும் வியர்வையுமாக இறங்கினால் பெஞ்சில் உடனே இடம் கிடைக்கிறது. "எங்கேருந்து தம்பி வர்றீங்க?" "முக்கொம்பிலேருந்துங்க." "சைக்கிள்லயா!" அப்புறம் எல்லாரும் பேசினார்கள். குறுவைக்கு இந்தத் தண்ணீர் போதுமா, முறைவைத்து விடுவார்களா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு வழக்கு நடந்தது. கடைக்கார அக்கா ஆறு இட்லியை வாழை இலையில் கட்டி, மிளகாய்ப்பொடியை எண்ணெயில் குழைத்துத் தனியாக வைத்துக் கொடுத்தார். "ராத்திரி ஆத்துப் பக்கம் தண்ணிகிட்ட படுத்துடாதீங்க, எப்ப ஏறும்னு சொல்ல முடியாது" என்று ஒரு தாத்தா இரண்டு தரம் சொன்னார். நீங்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட படுகையில் கூடாரம் போடவே கூடாது. கரைக்கு இந்தப் பக்கம், மேட்டில்தான்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பிறகு காவிரியிலிருந்து பிரிகிற குடமுருட்டியைப் பிடித்துக்கொண்டேன். அகலம் குறைந்த, கைக்கு அடக்கமான ஆறு. மாலைச் சூரியன் இப்போது முதுகுப் பக்கம். என் நிழலும் சைக்கிள் நிழலும் எனக்கு முன்னால் நீண்டுகொண்டே போக, நட்டு ஒரு மாதமான குறுவைப் பயிரின்மேல் காற்று அலை அலையாகப் புரண்டு என்னை முந்திக்கொண்டு ஓடியது. மூங்கில் கொத்திலிருந்து ஒரு மீன்கொத்தி விர்ரென்று கிளம்பி, முப்பதடி தள்ளி உட்காரும். நான் அருகே போனதும் மறுபடி கிளம்பும். ஒரு பர்லாங்கு தூரம் எனக்கு அதுதான் துணை.

வரகூர் தாண்டிக் கரையோரம் ஒரு தென்னந்தோப்பு. மோட்டார் கொட்டகை வாசலில் நின்ற தோப்புக்காரரிடம் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்னை ஒரு தடவை, சைக்கிளை ஒரு தடவை பார்த்தார். "தாராளமா. ஆனா தென்னைக்கு அடியில போடாதீங்க தம்பி, மட்டை விழும். அந்த மாமரத்துக்கிட்ட போடுங்க. மழ கிழ வந்தா கொட்டகைக்குள்ள வந்துடுங்க." தொட்டித் தண்ணீரில் குளித்துக்கொள்ளலாம் என்று மோட்டாரையும் போட்டுவிட்டார். பம்புசெட் தண்ணீர் தலையில் விழுந்தபோது அறுபது கிலோமீட்டர் அலுப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை!

கூடாரம் கட்டப் பத்து நிமிஷம். காற்று வருகிற பக்கத்து முளைகளை முதலில் அடித்தேன், வாசலைக் கிழக்கே வைத்தேன். இட்லி ஆறிப்போய், இலை மணம் முழுக்க அதில் இறங்கியிருந்தது. ஆறையும் தின்றுவிட்டுக் கரைமேல் உட்கார்ந்தேன். இருட்ட இருட்டத் தவளைகள் தொடங்கின. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன. இதற்கெல்லாம் அடியில் குடமுருட்டி, பெரிய இரைச்சல் எதுவும் போடாமல், கரையை நக்கிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. காலையில் முக்கொம்பில் நான் பார்த்த தண்ணீர் இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. வீட்டில் மெத்தையில் கிடைக்காத தூக்கம்.

மயில் எழுப்பிவிட்டது. கூடாரத் துணி பனியில் நனைந்திருந்தது. வாசல் ஜிப்பைத் திறந்தால் நேர் எதிரே, தென்னை இடுக்கில், சிவப்பாகச் சூரியன். தோப்புக்காரர் ஒரு சீப்புப் பூவன் பழத்தைக் கேரியரில் அவரே கட்டிவிட்டார். காசை எடுத்தேன். "அட, வைங்க தம்பி. அடுத்த ஆடிக்கும் வாங்க" என்றார்.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறைச் சுவரில் சைக்கிளைச் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்து நான்கு பழம் தின்றேன். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டுக் காவிரியில் இறங்கினேன். நான்காவது படியில் தண்ணீர் மார்புக்கு வந்தது. இழுப்பு கிழக்கே.