ஐந்து பவுண்டு கணக்கு

மார்க் ரிப்பிடோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' 2005ல் வந்த புத்தகம். அமெரிக்காவில் பார்பெல் தூக்க ஆரம்பிக்கும் பலருக்கும் இதுதான் அரிச்சுவடி. வாரம் 3 நாள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய பயிற்சிகள். ஸ்குவாட்டில் ஒவ்வொரு முறையும் சுமார் 5 பவுண்டு, அதாவது 2 கிலோவுக்குச் சற்று மேல், கூட்டணும். போன தடவை எவ்வளவு தூக்கினோம்னு நோட்டில் எழுதி, அதைவிடக் கொஞ்சம் கூட்டுவது நல்ல யோசனை. அதில் குறையில்லை.

சிக்கல் வேகத்தில்தான். வாரத்துக்குக் கிட்டத்தட்ட 7 கிலோ ஏற்றம் சில மாதங்களுக்கு மேல் ஓடாது. புத்தகமே அதை ஒத்துக்கொள்கிறது. இருபது வயசுப் பையன் அதுவரை தாக்குப்பிடிப்பான். வேலையும் தூக்கக்குறைவுமாக இருக்கும் 45 வயதுக்காரர் சீக்கிரமே முட்டி நிற்பார். 'நமக்கு இது ஆகாது'ன்னு மொத்தமா விட்டுடுவார். நிஜமான நஷ்டம் அதுதான். ஒல்லிப் பையன்களுக்கு ரிப்பிடோ சொன்ன தினம் ஒரு கேலன் பாலை, ஏறக்குறைய 3.8 லிட்டர், இவரும் குடித்தால் தொப்பைதான் மிஞ்சும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் பெரியவர்களுக்குச் சொன்னது, வாரத்துக்கு 2 நாளாவது தசைப்பயிற்சி. அது நடக்கிற காரியம். ரிப்பிடோவிடமிருந்து நோட்டை எடுத்துக்குங்க. வேகத்தை உங்க உடம்பு சொல்லட்டும். மாசத்துக்கு 1 கிலோ கூடினாலும் ஏற்றம் ஏற்றம்தான்.