முதல் சுத்தியலுக்கு முன்

கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டப்பட்டவை என்று கூறி, 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டதால், கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை. நில அதிர்வைச் சென்னை ஐ.ஐ.டி. குழு அளந்தது. பொறியியலாகப் பார்த்தால் இது வெற்றிதான்.

அண்டை வீட்டுக்காரரின் கணக்கு வேறு. வெடி வைப்பதற்கு வெகு முன்பே, உள்சுவர்களை உடைக்கும் வேலை நடந்தபோதே வீடுகளில் விரிசல் விட்டதாக, அந்த நான்கில் ஒன்றான ஆல்ஃபா செரீன் கட்டடத்தின் அருகே குடியிருந்தவர்கள் முறையிட்டுப் போராடினார்கள். அந்த விரிசல் பழையதா, புதியதா? இதற்கு ஆதாரமாக நிற்கக்கூடியது, வேலை தொடங்குமுன் எடுத்த கட்டட நிலை ஆய்வு மட்டுமே. அறை அறையாகத் தேதியிட்ட படங்கள், ஒவ்வொரு விரிசலின் நீளமும் மில்லிமீட்டரில் அகலமும், சுவர்ச் சாய்வு, தரை இறக்கம் எல்லாம் அதில் பதிவாக வேண்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டிவைத்தால், சுவர் அசையும்போது அது உடைந்து காட்டிக்கொடுக்கும்.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. அஸ்திவாரத்தையும் பூச்சுக்கு உள்ளே இருப்பதையும் படம் காட்டாது. விரிசல் வளர்ந்ததைச் சொல்லுமே தவிர, ஏன் வளர்ந்தது என்று சொல்லாது. பூச்சு சுருங்கினாலும் மண் இறங்கினாலும் சுவரில் விரிசல் விடும். ஒப்பந்ததாரர்கள் இதை எடுத்துச்சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொய்யான உரிமைகோரலிலிருந்து அவர்களைக் காப்பதும் இதே பதிவுதான். அதிர்வுமானி காரணத்தைத் தேட உதவும். ஆனால் அதிர்வு வரம்புக்குள் இருந்தது என்பதால் மட்டும் ஒரு பழைய வீட்டுச் சுவர் தப்பியது என்று ஆகிவிடாது. ஆய்வும் அளவீடும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

என் தீர்ப்பு இது: கட்டட நிலை ஆய்வு அவசியம், ஆனால் இடிக்கும் நிறுவனமே ஆள் வைத்து எடுத்து, தன் அலமாரியில் பூட்டிவைக்கும் ஆய்வு அண்டை வீட்டாருக்குப் பாதுகாப்பு ஆகாது. வெடிக்கும் நாளை மனதில் வைத்து எடுத்தால் போதாது, முதல் சுத்தியல் விழுமுன் எடுத்திருக்க வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவான பொறியாளர் எடுத்து, வீட்டுக்காரர் கையொப்பமிட்டு, ஒரு நகலை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். இவற்றை இடிப்பு அனுமதியின் நிபந்தனையாக்கும் பொறுப்பு உள்ளாட்சி நிர்வாகத்துடையது. இல்லையென்றால், இடிபடும் கட்டடத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குடும்பம், தன் சுவரில் விழுந்த விரிசலுக்குத் தானே சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும்.