கற்றல் தளம்: பணம் யாருடையது, தேர்வு யாருடையது?

காரைக்கால் அம்மையார் இயற்றிய அந்தாதியின் பெயர் என்ன என்று இணையத் தேர்வில் ஓர் ஆசிரியர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி 'அற்புதத் திருவந்தாதி' என்று எழுதுவாள். இன்னொருத்தி இடைவெளி விடாமல் 'அற்புதத்திருவந்தாதி' என்பாள். மூன்றாமவள் ஒற்றை விட்டுவிட்டு 'அற்புத திருவந்தாதி' என்பாள். தாளில் திருத்தினால் மூவருக்கும் மதிப்பெண் கிடைக்கும். மூன்றாமவள் விட்ட ஒற்றை ஆசிரியர் சிவப்பு மையில் சேர்த்துவிடுவார். இணையத் தளமோ எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகிறது. எந்த வடிவம் சரியென்று பதியப்பட்டதோ அதற்கு மட்டுமே மதிப்பெண். மற்றவற்றையும் ஏற்கச் செய்ய வேண்டுமானால், கேள்விக்குக் கேள்வி எல்லா வடிவங்களையும் ஆசிரியரே கையால் பட்டியலிட வேண்டும்.

புணர்ச்சி தெரிந்த ஒரு தமிழாசிரியரும் ஒரு கணினி மொழியியலாளரும் ஒரு நிரலாளரும் சேர்ந்து உட்கார்ந்தால் தீர்க்கக்கூடிய சிக்கல்தான் இது. ஆனால் அந்த மூவருக்கும் யார் சம்பளம் கொடுப்பது? இந்த வேலையைச் செய்யலாம் என்று யார் முடிவெடுப்பது? இணையக் கற்றல் தளங்களின் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் நம் நாட்டில் பணம் வந்த வழிகளை இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு எடைபோட விரும்புகிறேன்.

எடைபோடக் காரைக்கால் பொருத்தமான இடம். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சம் மக்கள். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், தலைநகர் புதுச்சேரியோ 130 கிலோமீட்டருக்கு அப்பால். இவ்வளவு சிறிய நிலத்தில் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம், செருமாவிலங்கையில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி, ஜிப்மரின் கிளை, பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் நிறுவனம், அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி என்று வரிசையாக நிற்கின்றன. இவற்றுக்கான முடிவுகள் டெல்லியிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ வருகின்றன. இணையப் பாடத்தை இங்கே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தளம் அடுத்த ஆண்டு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று இங்கிருந்து யாரும் சொல்ல முடிவதில்லை. பள்ளிகளின் நிலை இன்னும் சிக்கல். புதுச்சேரிக்குத் தனிக் கல்வி வாரியம் கிடையாது. காரைக்கால் அரசுப் பள்ளிகள் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. அண்மையில் சிபிஎஸ்இக்கு மாறின. தமிழ்நாடு அரசு தன் பாடநூலை ஒட்டி 2023-இல் கொண்டுவந்த மணற்கேணி செயலி, எல்லைக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்துப் பிள்ளைக்குப் பாடத்தோடு ஒட்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு அப்படி ஒட்டாது.

முதலில் நடுவண் அரசின் வழி. 2003-இல் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இணையப் பாடத் திட்டமான என்பிடெல், 2009-இல் வந்த தகவல் தொழில்நுட்பவழிக் கல்விக்கான தேசிய இயக்கம், 2017 ஜூலை 9 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கிவைத்த ஸ்வயம் பாடத் தளம் ஆகியவை இதன் மைல்கற்கள். பதினோராம் ஐந்தாண்டுத் திட்டத்தில் அந்த இயக்கத்துக்கு ஒதுக்கியது மட்டும் 4,612 கோடி ரூபாய். இந்தப் பணத்தின் பயனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சென்னை ஐஐடி பேராசிரியரின் முழுப் பாடத்தையும் காரைக்காலின் நெடுங்காட்டு மாணவர் செலவில்லாமல் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் 20 விழுக்காடு வரையிலும், 2021-இல் 40 விழுக்காடு வரையிலும் இணையப் பாடத்தின் கிரெடிட்டைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ள இடம் தந்தது. ஒரு சிறிய ஊரின் கல்லூரிக்கு இது பெரிய கதவு.

குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. பணம் பாடத்துக்குத்தான் போனது. தளத்தை யாரோ ஒருமுறை கட்டித்தரும் ஒப்பந்த வேலையாகவே அரசு பார்த்தது. ஸ்வயத்தை முதலில் மைக்ரோசாப்ட் துணையோடு கட்டினார்கள். பிறகு என்பிடெலும் சென்னை ஐஐடியும் கூகுள், பெர்சிஸ்டன்ட் நிறுவனங்களின் உதவியோடு வேறொரு தளத்தை அமைத்தன. பாடங்கள் அங்கிருந்து இங்கே வந்தன. ஆனால் தளத்தைப் பற்றிய ஆய்வு ஒன்று இருந்து, அது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வளர்ந்தது என்று சொல்வதற்கு இந்த மாற்றத்தில் எதுவும் இல்லை. ஆய்வுத்திறன் இல்லாமல் போனதால் வந்த குறையும் இல்லை இது. கான்பூர் ஐஐடி பிரகஸ்பதி என்ற திறமூலத் தளத்தை உருவாக்கியது. பிறகு, இணைப்பு மெதுவாக இருக்கும் இடங்களை மனத்தில் வைத்து மூகிட் என்ற எளிய தளத்தையும் கட்டி, காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் அமைப்போடு சேர்ந்து வேளாண் பாடங்களை நடத்தியது. தேசியத் தளத்துக்கு அடித்தளம் தேடியபோது இந்த உழைப்பின் மேல் அரசு கட்டவில்லை. என் பார்வையில் இந்த வழியின் மிகப் பெரிய தவறு அதுதான்.

வேளாண் படிப்பில் நடந்தது இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. உலக வங்கிக் கடனோடு 2006 முதல் 2014 வரை நடந்த தேசிய வேளாண் புத்தாக்கத் திட்டத்தில், வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை மருத்துவம் முதலிய பட்டப்படிப்புகளுக்கு மின்பாடங்கள் எழுதப்பட்டன. தமிழகப் பல்கலைக்கழகங்களும் அதில் பங்கெடுத்தன. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை மூடில் என்ற திறமூலக் கற்றல் தளத்தில் ஏற்றியது. வேளாண் மாணவர்கள் தேர்வுக்கு முன்னால் புரட்டும் குறிப்புகளில் அவற்றுக்கு நல்ல இடம் உண்டு. நல்ல உழைப்பு அது. திட்டம் முடிந்த பிறகு ஐந்தாம் டீன்கள் குழுவின் பரிந்துரைப்படி பாடத்திட்டமே மாறிவிட்டது. கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி இருந்தது. தளத்தையும் பாடத்தையும் தொடர்ந்து பேணுவதற்கு அதே கணக்கில் தலைப்பு ஒன்று இருந்திருக்க வேண்டும்.

முதலீட்டாளர் பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பைஜூஸ் இணையக் கல்வி நிறுவனம் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் தொடங்கிய எடெக்ஸ் தளத்தை 2021-இல் 80 கோடி டாலருக்கு வாங்கிய 2யு நிறுவனமும் அதே 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. எடெக்ஸின் மூல நிரல் மட்டும் திறமூலமாகவே நிற்கிறது. விற்பனைப் பணத்தில் நடக்கும் ஆக்சிம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதைக் கவனிக்கிறது. நிறுவனம் விழுந்தாலும் நிரல் பிழைக்குமா என்ற சோதனையில் ஒன்று தேறியது, மற்றொன்று தேறவில்லை. பொதுப் பணத்தில் ஒரு கல்லூரி தளம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

கொடையாளர் வழிக்கு நம் நாட்டில் நல்ல சான்றுகள் உண்டு. நந்தன், ரோகிணி நீலகேணி தம்பதியர் நிதியில் இயங்கும் எக்ஸ்டெப் அறக்கட்டளை சன்பேர்ட் என்ற திறமூல அடித்தளத்தை உருவாக்கியது. 2017 செப்டம்பரில் தொடங்கிய தீக்‌ஷா தளம் அதன் மேல்தான் நிற்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவுக்கு 2022-இல் நீலகேணி அறக்கொடை 36 கோடி ரூபாய் கொடுத்தது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கவும் ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்கவும் தேவையான அடிப்படை ஆய்வு அங்கே நடக்கிறது. விளைவுகள் பொதுவில் கிடைக்கின்றன. இந்திய மொழிகளுக்கான ஆய்வில் இந்தப் பணம் அரசுப் பணத்தைவிடக் கூர்மையாக வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனாலும் எது முதலில், எது பிறகு என்று சொல்லும் உரிமை கொடுப்பவரிடமும் பெரிய நிறுவனத்திடமும் தங்கிவிடுகிறது. காரைக்கால் ஆசிரியர் அங்கே பயனாளி மட்டுமே.

மிச்சமிருப்பது பயனர்களே பணம் போட்டு, பயனர்களே தேர்ந்தெடுக்கும் வழி. இதற்கு நான் அறிந்த சிறந்த முயற்சி மூடிலில் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பள்ளிக்கூடம் எட்டாத ஊரில், வானொலி வழிப் பள்ளியில் படித்து வளர்ந்த மார்ட்டின் டூகியாமஸ் 2002 ஆகஸ்டில் மூடிலின் முதல் பதிப்பை வெளியிட்டார். நிரல் எல்லோருக்கும் பொது. அங்கீகரிக்கப்பட்ட பங்காளி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் ஒரு பங்கை மையத்துக்குக் கொடுக்கும். மேம்பாடு அதில் நடக்கும். 2015-இல் மூடில் பயனர் சங்கம் வந்தது. பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் தனி ஆசிரியர்களும் சந்தா கட்டினார்கள். தங்களுக்கு வேண்டிய மேம்பாடுகளை முன்வைத்து விவாதித்து வாக்களித்தார்கள். வென்ற திட்டத்தை மூடில் நிறுவனம் அந்தச் சந்தாப் பணத்தில் செய்துமுடித்து எல்லோருக்குமான பதிப்பில் சேர்த்தது. சந்தா கட்டாத கல்லூரிக்கும் அதே பயன் கிடைத்தது.

நான் வைத்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொன்ன வழி இது ஒன்றுதான். வகுப்பில் நிற்பவருக்குத் தெரியும் சின்னச் சின்னத் தடைகளுக்கு இங்கே மதிப்பு உண்டு. ஆயினும் இதன் குறையும் காரைக்காலில்தான் நன்றாகத் தெரியும். சந்தா கட்ட வசதியுள்ள நிறுவனங்கள் எங்கே அதிகமோ அந்தப் பக்கமே முன்னுரிமை சாயும். புணர்ச்சி விதி தெரிந்த விடைத்திருத்தம் எத்தனை வாக்கு வாங்கும்? தமிழில் தேர்வு நடத்தும் கல்லூரிகள் அந்தச் சபையில் உட்காராதவரை ஒன்றும் வாங்காது. அதோடு, கட்டாதவருக்கும் பயன் உண்டு என்பதால் கட்டுவோர் தொகை குறைவாகவே இருக்கும்; சேரும் பணம் ஒரு பக்கத்தைச் சீரமைக்கப் போதும், பல ஆண்டு ஆய்வுக்குப் போதாது.

பொது நிரலில் ஒருமுறை செய்த வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சொல்ல வேண்டும். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றைக் குறி சேர்த்து, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு வேறு வேறு. மூடிலின் குறுவிடை வினா, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தமிழுக்கென்று செய்ததல்ல அது. பொது நிரலில் இருப்பதால் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையிலும் பல பல்கலைக்கழகங்கள் மூடிலையே வைத்திருக்கின்றன. இங்கே ஒருமுறை தீர்த்தால் அங்கும் தீரும்.

காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியில் இந்த வழக்கு முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1712-இல் மறைபரப்பாளர் சீகன்பால்குவின் மிஷனுக்கு லண்டன் சங்கமொன்றின் கொடையாக அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்தன. எழுத்து மிகப் பெரிது, காகிதத்தைத் தின்றது. பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்த பிறகுதான் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அச்சேறியது. காகித ஆலையும் அங்கேயே அமைத்தார்கள். இயந்திரம் கொடையாக வந்ததோடு வேலை முடியவில்லை. இடத்துக்கும் மொழிக்கும் அதைப் பொருத்தும் வேலை உள்ளூரில் நடந்தது. அதற்கும் பணம் இருந்தது.

இவற்றையெல்லாம் வைத்து என் தீர்ப்பு இது: பொது நிரல் என்ற மூடிலின் அடிப்படையும், பயன்படுத்துவோரே திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் சரி, பணம் மட்டும் சந்தாவாக இல்லாமல் அரசுப் பணமாக இருக்க வேண்டும். புதுச்சேரி இதைத் தனியாகச் செய்ய முடியாது. தமிழ், மலையாளம், தெலுங்கு பேசும் நான்கு துண்டு நிலங்களுக்குத் தனித் தளம் கட்டுவது வீண். புதுவைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு நிதி வைக்க வேண்டும். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் அதை நடத்தத் தகுதியான இடம். ஒரு நிபந்தனையில் நான் இளகமாட்டேன்: செய்யும் எந்த மேம்பாடும் பொது நிரலில் போய்ச் சேர வேண்டும். தமிழுக்கென்று பிரிந்து நிற்கும் தனிப் பதிப்பு, நிதி நின்ற நாளில் கைவிடப்படும். ஒவ்வொரு திட்டத்தின் தொகையிலும் ஐந்தாண்டுப் பராமரிப்புக்கு ஒரு பகுதி ஒதுக்க வேண்டும். வேளாண் மின்பாடங்கள் தந்த பாடம் அது.

வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளுக்கு நம் வரிப்பணமா என்ற கேள்வி எழும். பணம் அங்கே போக வேண்டியதில்லை. நிரல் பொது உரிமத்தில் இருப்பதால் திருவேட்டக்குடியில் எழுதினாலும் சேர்க்கலாம். செயற்கை நுண்ணறிவு தானே திருத்திவிடாதா என்பது இன்னும் கனமான கேள்வி. புணர்ச்சி பிசகிய விடையை அது ஏற்கக்கூடும். தவறான விடையையும் ஏற்கக்கூடும். எது நடக்கிறது என்று அறிய, ஆசிரியர்கள் கையால் திருத்திய ஆயிரக்கணக்கான தமிழ் விடைகள் ஒரு தொகுப்பாக வேண்டும். அதைத் திரட்டுவதே நிதி தேவைப்படும் ஆய்வு. மேலும் 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது இந்தக் கடற்கரை நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்து, இணைப்பு வந்ததும் விடைகளை ஏற்றும் ஏற்பாடு இங்கே ஆடம்பரம் ஆகாது. மூடில் செயலி இதில் பாதி தூரம் வந்திருக்கிறது. மீதியைத் தொலைவிலுள்ள முகில் சேவை தராது.

தேர்வுக் குழுவில் துறைச் செயலர்களும் துணைவேந்தர்களும் இருக்கட்டும். பாதிக்கு மேல் வாக்கு வாரந்தோறும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும், அதில் அரசு கலைக் கல்லூரிகளுக்கு உறுதியான இடம் வேண்டும். முதல் நிதி விடைத் தொகுப்புக்குப் போகட்டும். அவ்வையார் கல்லூரியின் தமிழ்த் துறையும் திருவேட்டக்குடியின் கணினித் துறையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தத் தொகுப்பை அவர்கள் சேர்ந்து உருவாக்கலாம்.