வைபவமாலை கூறியதும் நாம் கூறாததும்

யாழ்ப்பாணத்துச் சரித்திரம் எழுதப் புகுந்தோர் யாவரும் முதலிற் சென்று நிற்கும் வாயில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையேயாம். 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த இந்நூலிற் குறைகள் பல. ஆண்டுக்கணக்குப் பிறழ்ந்துள்ளது, அரசர் வரிசை மயங்கியுள்ளது, கர்ணபரம்பரைக் கதையும் நிகழ்ச்சியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட ஆங்கில நூலிலும், நல்லூரை உறைவிடமாகக் கொண்டிருந்த சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலும் இக்குறைகளை ஆராய்ந்து காட்டினர். அவற்றை மீண்டும் எடுத்தோதுதல் எம் கருத்தன்று. இந்நூலுக்குரிய ஒரு சிறப்பு இதுகாறும் போதிய அளவு பேசப்படவில்லை. நம்மவர்க்கு இனியன அல்லாதவற்றையும் அது விடுத்துச் செல்லவில்லை என்பதே அச்சிறப்பு.

சங்கிலியனை எடுத்துக்கொள்வோம். நல்லூர் முத்திரைச்சந்தியில் நிற்கும் அவன் சிலையைக் கண்டு செல்வோருட் சிலரேனும் ‘எந்தச் சங்கிலி?’ என்று வினவுவரோ, அறியோம். சங்கிலியர் இருவர். ஒருவன் 16ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஆண்டவன். மற்றவன் 1617இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1619இற் போர்த்துக்கேயரிடம் தோற்று, கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே தூக்கிலிடப்பட்டவன். கோவை என்றது ஈண்டுக் கொங்குநாட்டு ஊரையன்று, மேலைக் கரையிலுள்ள போர்த்துக்கேயர் தலைநகரை. இருவரையும் வைபவமாலை ஒருவனாக்கிற்று. ஆராய்ச்சியாளர் பிரித்துத் தந்த பின்னரும் நம் மேடைப் பேச்சுக்கள் அவர்களை மீண்டும் ஒருவனாக்கிவிட்டன. புலவர் செய்த மயக்கம் அறியாமையால் வந்தது. நமது மயக்கமோ வசதி கருதி வந்தது.

அஃது எங்ஙனமெனின், முதற் சங்கிலி 1544இல் மன்னாருக்குப் படைகொண்டு சென்று, ஆங்குப் புதிதாகக் கிறீஸ்து சமயந் தழுவியிருந்த அறுநூறு பேர் வரையிற் கொல்வித்தான். மதமாற்றம் போர்த்துக்கேய முடிக்கு அடிமைப்படுதலின் முதற்படி என்று அவன் அஞ்சியிருத்தல் கூடும். அவ்வச்சம் வீணன்று என்பதைப் பிந்திய நிகழ்ச்சிகள் காட்டின. ஆயின் காரணங் கூறுதல் வேறு, கொலையைக் கொலையன்றெனல் வேறு. மாண்டவர் அந்நியப் படைவீரரல்லர். அக்கரையில் வாழ்ந்த எளிய தமிழ்க் குடிகள். இரண்டாஞ் சங்கிலியோ, இளங்குழந்தைக்காக அரசு நடத்திய அரசகேசரியைக் கொன்று அதிகாரத்திலேறினான். இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரி இவரே என்பது நம்மவர் கொள்கை. அங்ஙனமாயின், நாம் போற்றும் புலவரைக் கொன்றவனும் நாம் போற்றும் வீரனும் ஒருவனே ஆகின்றான். இவ்விரு செய்திகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய பாடப்புத்தகம் எதனையும் யாம் மாணாக்கராயிருந்த காலத்திற் கண்டதில்லை.

வைபவமாலையோ, சங்கிலி மூத்த இளவரசனுக்கு நஞ்சூட்டியதையும் மன்னார்ப் படுகொலையையும் மழுப்பாது கூறுகின்றது.

நிற்க. அந்நூலில் நெஞ்சை உறுத்தும் மற்றோரிடமும் உண்டு. நல்லூரிற் கந்தசுவாமி கோயிலை மீள எடுப்பிக்கும் முயற்சியின்போது, அயலிற் குடியிருந்த சோனகரைத் தமிழர் அகலும்படி கேட்டனர். மனைகளை விலைக்குக் கேட்டும் அவர் உடன்படாமையால், அவர்தங் கிணறுகளிற் பன்றியிறைச்சியை இடுவித்தனர். நீரருந்த இயலாது அவர் நாவாந்துறைப் பக்கம் பெயர்ந்தனர் என்பது அங்குள்ள செய்தி. இதனைக் கூறும் புலவரிடம் நாணம் ஏதும் காணப்படவில்லை. ஆதலின் இதனைக் குற்ற ஒப்புதலெனப் புகழ்தல் மிகையாகும். அவர்க்கு அது தவறாகவே தோன்றாதிருந்திருக்கலாம். எவ்வாறாயினும் அவர் எழுதிவைத்தமையால் நாம் அறிகின்றோம்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் நிகழ்ந்ததை நாம் எவ்வாறு எழுதிவைத்துள்ளோம்? வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரிலிருந்தோர்க்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவருட் பலர் புத்தளத்து அகதிமுகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். வெளியான ஊர்வரலாற்று மலர்கள் பலவற்றை யாம் புரட்டிப் பார்த்தோம். ‘முஸ்லிம்கள் இடம்பெயர்ந்தனர்’ என ஒரு வரி சிலவற்றில் உண்டு. இடம்பெயர்ந்தனர் என்பது தன்வினை. பெயர்த்தவர் யார் என்பதை அச்சொல் விழுங்கிவிடுகின்றது. கிணற்றில் இறைச்சியை இட்டவர் யாரென்று கூறிய பழம் புலவர், இவ்வகையில் நம்மினும் நல்ல இலக்கணம் எழுதியவராவர்.

‘நமக்கிழைக்கப்பட்ட அநீதிகளே எழுதித் தீராதிருக்க, நாமிழைத்தவற்றை ஏன் கிளறல் வேண்டும்?’ என அன்பர் சிலர் கேட்பர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம் எரிக்கப்பட்டு ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலாயின. அக்கொடுமையை விட்டெழுதும் நூலை நாம் சரித்திரம் என ஒப்புவோமா? ஒப்போம். அதே துலாக்கோலை நம் கையிலும் எடுத்தல் வேண்டுமென்பதே எம் விடை. அந்த நெருப்பில் வைபவமாலையின் ஒரேயொரு பிரதியும் அழிந்ததென இன்றும் பலர் எழுதுகின்றனர். அழிந்தது பெறற்கரிய ஏடொன்றாயிருக்கலாம், நூல் அழியவில்லை. பிறிற்றோ 1879இலேயே அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து அச்சிட்டார். தமிழ்ப் பதிப்புக்களும் உள. உண்மையான இழப்பே மலைபோல் இருக்க, அதன்மேல் இல்லாத இழப்பொன்றை ஏற்றுதல், மறுப்போர் கையில் நாமே கல்லைக் கொடுப்பதாகும்.

சாதியின் பெயராற் கோயில் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த கதையும், 1968இல் மாவிட்டபுரத்து வாயிலில் நிகழ்ந்தவையும் தனிக் கட்டுரைக்குரியன. அவற்றைப் பற்றி நம் முதியோர் வீட்டிற் பேசுவது ஒன்று, மலர்களில் எழுதுவது வேறொன்று என்பதை மட்டும் இங்குக் குறிக்கின்றோம்.

புலவர் எழுதியபோது மன்னார்ப் படுகொலை நிகழ்ந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன; கேட்டறியச் சாட்சி ஒருவரும் இலர். நமக்கு அக்குறையில்லை. 1990இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்து, புத்தளத்திலும், மீண்டு வந்தோர் சோனகத்தெருவிலும் இருக்கின்றனர். நல்லூரிலிருந்து சோனகத்தெருவுக்கு மாணாக்கர் ஒருவர் துவிச்சக்கரவண்டியிற் செல்ல அரைமணி நேரமும் ஆகாது.