பிறப்பும் மறுபிறப்பும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் ஒரு கோட்பாட்டின் சமூகத் தளம்

தமிழ்ச் சமய மரபில் பிறவி என்பது விரும்பத்தக்கதன்று, அறுக்கத்தக்கது. சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் தம்முள் எத்துணை மாறுபட்டு நின்றபோதிலும், பிறவிச் சுழலினின்று விடுபடுதலே உய்தி என்பதில் ஒருமைப்பாடுடையன. இத்தகைய சிந்தனைச் சூழலில், மீண்டும் பிறப்பதே உய்தி என்று கூறும் கோட்பாடொன்று வந்து சேர்ந்தமை நமது கருத்துநிலை வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்றாகும். தத்துவ போதகர் எனப்பட்ட ரொபேட் டி நொபிலி, மறுபிறவிக் கொள்கையை மறுப்பதற்கென்றே ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்னும் நூலை எழுதினார். ஆயின் அவர் விலக்கிய அதே சொல்லையே பின்வந்த மொழிபெயர்ப்பாளர் நாட வேண்டியிருந்தது. 1871இன் தமிழ் வேதாகமத்தில் தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபம் ‘மறுஜென்ம முழுக்கு’ என்னும் தொடரை ஆள்கிறது. ஒரு ஜென்மத்தை மறுத்து இன்னொரு ஜென்மத்தைப் போதிக்கும் இக்கட்டு, சொல்லளவில் மட்டும் நின்றுவிடவில்லை.

தமிழிலே பிறப்பு என்னும் சொல்லுக்குச் சமூகப் பொருளொன்றும் உண்டு. உயர் பிறப்பு, இழி பிறப்பு என்னும் வழக்குகள் சாதியையே குறிப்பன. நிலம், தொழில், மணவுறவு, கிணறு, கோயில் ஆகிய யாவும் பிறப்பினால் நிர்ணயிக்கப்பட்ட சமுதாயத்தில், ஒருவன் மறுபடியும் பிறந்தான் எனின் அவனது முதற்பிறப்பின் தளைகள் யாதாயின என்னும் வினா தவிர்க்கவியலாதது. இவ்வினாவை இலக்கியம் எவ்வாறு எதிர்கொண்டது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இக்கோட்பாட்டின் தமிழ் வடிவங்களுள் தலையாயது எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). திருநெல்வேலி வைணவ வேளாளர் குடும்பமொன்றிலே 1827இற் பிறந்து, சாயர்புரத்திலே தமிழாசிரியராய் விளங்கி, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் கிருஷ்ணபிள்ளை. அவருக்கு ஆதாரமாயமைந்தது ஜோன் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’. பனியன் ஓட்டைக் கலங்களை அடைக்கும் தொழிலாளி. அனுமதியின்றிப் போதித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையிலே கிடந்தவர். 1678இல் வெளிவந்த அவரது நூல் உழைக்கும் மக்களின் பேச்சோட்டம் வாய்ந்த உரைநடையில் ஆனது. அங்கு மறுபிறப்பெய்துபவன் முதுகிற் சுமையும் கந்தலுடையுமாய் வருகிறான். மாயச் சந்தையிலே வீடும் நிலமும் பட்டங்களும் விலைக்கு விற்கப்படுகின்றன. அச்சந்தையின் நீதிமன்றம், பனியன் தம் வாழ்விற் கண்ட நீதவான்களின் மன்றமே.

கிருஷ்ணபிள்ளை இதனைக் கம்பனின் விருத்தத்திற்கு மாற்றினார். ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என ஐந்து பருவங்களாய், 3,700க்கு மேற்பட்ட செய்யுள்களாய் அது விரிந்தது. இம்மாற்றத்தை வெறும் யாப்பு மாற்றமாகக் கொள்வது பிழையாகும். உழைப்பாளியின் உரைநடை, கற்றோர் அவையின் காப்பியமாயிற்று. ஒரு வர்க்கத்தின் குரல் மற்றொரு வர்க்கத்தின் நாவிற்குப் பெயர்ந்தபோது, அக்குரலின் சில சுருதிகள் அடங்கிப்போயின. பனியனிடம் குறிப்பிட்ட அதிகாரத்தைச் சுட்டிய சந்தை, தமிழிலே மாயை என்னும் பழகிய தத்துவப் பொருளை நோக்கிச் சாய்கிறது. உலகம் முழுவதும் பொய் எனும்போது, குறித்தவொரு நீதவானின் பொய் தப்பித்துக்கொள்கிறது.

எனினும், கிருஷ்ணபிள்ளையை உயர்சாதிக் கவிஞர் என்னும் ஒரே முத்திரையுடன் ஒதுக்குவது வரட்டு வாதமாகும். பனியனிடத்தே விரிவாக இடம்பெறாத இயேசுவின் பாடுகளை ‘இரட்சணிய சரிதப் படலம்’ நெஞ்சுருகப் பாடுகிறது. இடையிடையே அமைந்த தேவாரப் பதிகங்களில் நாயன்மாரதும் ஆழ்வாரதும் பக்திக் குரல் புதிய பொருளிற் கேட்கிறது. அடியார்க்கு அடியாராதல் என்னும் பக்தி மரபின் தாழ்மையுணர்வே மறுபிறப்பு என்னும் அயற்கோட்பாட்டைத் தமிழுணர்வாக்கியது. நூலின் வெற்றி இதுவே. அதன் எல்லையும் இதுவே. அத்தாழ்மை இறைவன்முன் நிகழ்வதேயன்றிப் பக்கத்துத் தெருவில் நிகழ்வதன்று.

பக்கத்துத் தெருவில் நிகழ்ந்தது வேறு. கிருஷ்ணபிள்ளை முழுக்குப் பெற்ற மறு ஆண்டில், 1859இல், திருவிதாங்கூர் அரசு நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமையை ஏற்றது. உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற தடையையும் உடன் வைத்தது. மதம் மாறிய பனையேறிக் குடும்பங்களின் பெண்கள் பல பத்தாண்டுகள் அடியுண்டு பெற்ற உரிமை அது. அவர்களுக்கு மறுபிறப்பு ஆன்மாவின் அந்தரங்க அனுபவம் மட்டுமன்று. தோளில் விழும் ஒரு துணி.

இனி ஈழத்துக்கு வருவோம். கரம்பன், நாரந்தனை முதலிய ஊர்களைக் கொண்ட ஊர்காவற்றுறைத் தீவகத்திலே சைவரும் கத்தோலிக்கரும் அயலவராய் வாழ்ந்து வந்துள்ளனர். தமிழின் முதல் அச்சு நூல்களைத் தேடி ஆராய்ந்த தனிநாயகம் அடிகள் (1913–1980) கரம்பனிற் பிறந்தவர். கத்தோலிக்க மரபில் மறுபிறப்பு என்பது குழந்தைப் பருவ ஞானஸ்நானத்தோடு நிகழ்வது. ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்னும் உறவுகள் இரத்த உறவைக் கடந்த புதிய குடும்பத்தைக் கோட்பாட்டளவிற் படைக்கின்றன. நடைமுறையில் அவ்வுறவும் பெரும்பாலும் சொந்தச் சாதிக்குள்ளேயே தேடப்பட்டமை, முதற்பிறப்பு இரண்டாம் பிறப்பை எவ்வாறு விழுங்கியது என்பதற்குச் சான்றாகும்.

ஆயினும் இதே கத்தோலிக்கச் சமூகங்கள் வளர்த்த கூத்து வேறொரு செய்தியைப் பேணியுள்ளது. யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்துகளுள் புகழ்பெற்ற எஸ்தாக்கியார் கதையை நோக்குக. உரோமைச் சேனாபதியொருவன் மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு, குடும்பத்தோடு முழுக்குப் பெற்றுப் புதுப்பெயர் பூணுகிறான். உடனே ஏவலர் மடிகின்றனர். செல்வம் கொள்ளை போகிறது. மனைவியும் மைந்தரும் பிரிகின்றனர். அன்னிய ஊரொன்றிலே பதினைந்தாண்டுகள் கூலிக்கு வயற்காவல் செய்கிறான். இக்கதையில் மறுபிறப்பு வர்க்க வீழ்ச்சியாகவே உருக்கொள்கிறது. புதிதாய்ப் பிறந்தவன் கூலியாளாய்ப் பிறக்கிறான். கூலியுழைப்பையும் கடலுழைப்பையும் அறிந்த மக்கள் விடியவிடிய இக்கதையைப் பார்த்திருந்தமைக்குப் பக்தி மட்டுமே காரணமாகாது. அவன் இழந்த பதவியைப் பின்னர் திரும்பப் பெறுவது உண்மையே. ஆயின் கதை அங்கு முடிவதில்லை. அரச தெய்வங்களுக்குப் பலியிட மறுத்து அவன் குடும்பத்தோடு கொலையுண்கிறான்.

இரட்சணிய யாத்திரிகம் வெளியான அதே 1894இல் ஆதிக் கிறித்தவத்தின் வரலாறு பற்றி எங்கெல்ஸ் எழுதினார். அடிமைகளினதும் உரிமையற்றோரினதும் இயக்கமாகத் தோன்றிய அதனைத் தம் காலத் தொழிலாளர் இயக்கத்தோடு ஒப்பிட்டார். ஒன்று விடுதலையை மறுமையில் வைத்தது, மற்றது இம்மையில் வைக்கிறது என்னும் வேறுபாட்டையும் வரையறுத்தார். போரும் இடப்பெயர்வும் வடபுலத்தைச் சிதைத்த பின்னர், மறுபடியும் பிறந்தோம் என்று கூறும் புதிய சபைகளை நாடுவோரைக் கண்டு எள்ளி நகையாடும் முற்போக்காளர் இவ்வொப்பீட்டை மீளக் கற்பது நன்று. அனைத்தையும் இழந்தவன் புதிய பிறப்பைக் கேட்பது அறியாமையன்று. பழைய பிறப்பின் மீதான தீர்ப்பு. அத்தீர்ப்பைச் சமூகத்தின் மீதான தீர்ப்பாக வளர்க்காது, தனிமனித நெஞ்சத்துள் அடைத்துவிடும் நிறுவனங்களே விமர்சனத்துக்குரியன.

எனவே, தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை மதிப்பிடுமிடத்து, யாப்பமைதியையும் பக்திச் சுவையையும் மட்டும் அளந்து அமைதல் போதாது. ஒவ்வொரு நூலிலும் மறுபிறப்பெய்தியவன் எவ்வீட்டிலே உண்கிறான், யாருடன் அமர்கிறான், யாருக்குப் பெண் கொடுக்கிறான் என்று கேட்டல் வேண்டும். காப்பியம் இதற்கு விடையளிக்கவில்லை. கூத்து பாதி விடையளித்தது. தோட்சீலைக்காகப் போராடிய பெண்கள் முழு விடையையும் எழுதாமலே அளித்தனர்.